முல்லைத்தீவுக்குப் போன இரண்டு சோபாக்கள்

முல்லைத்தீவில் நான் வடிவமைக்கப் போயிருந்த ஹோட்டல் வரவேற்பறையின் நட்டநடுவில் யாரோ படுத்திருந்தார்கள். தலை முதல் கால் வரை பூப்போட்ட விரிப்பு. பயண அலுப்பில் விருந்தாளி ஒருவர் அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இவங்களுக்கு உடம்பு சரியில்லைங்களா?" என்று கேட்டேன். ஹோட்டல்காரரான ஸ்ரெலா அக்கா குனிந்து விரிப்பை இழுத்தார். உள்ளே இருந்தது படகில் மாட்டுகிற எஞ்சின்.

"இது இவற்ற எஞ்சின், பிள்ளை. வெளியில வைச்சா உப்புக்காத்து திண்டுபோடும் எண்டு உள்ள கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்" என்றார் அக்கா.

'இவர்' என்றது அக்காவின் கணவர் அருளப்பு அண்ணனை. அவர் வாசலில் நின்று, தன் பிள்ளையை யாரோ புகழ்கிறார்கள் என்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். முதுகு வலியால் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். படகைக் கொடுத்துவிட்டார், எஞ்சினைக் கொடுக்க மனசு வரவில்லை.

எனக்கு ஊர் கோயம்புத்தூர். சின்ன ஹோட்டல்களுக்கு வரவேற்பறை அமைத்துக் கொடுப்பது தொழில். ஸ்ரெலா அக்காவின் மகன் ஜூட் எங்கள் ஊரில் படித்தபோது எங்கள் வீட்டு மாடியில்தான் நான்கு வருஷம் குடியிருந்தான். இப்போது கொழும்பில் வேலை. "அம்மா ஒன்பது அறையோட ஹோட்டல் கட்டிப்போட்டா. முன் ஹோல் மட்டும் ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு. ஒருக்கா வந்து பாருங்கோ அக்கா" என்று போனில் கேட்டான். அந்த வாரம்தான் என் நாத்தனார் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஜூட் வாயை மூடுவதற்குள் நான் சரி என்றுவிட்டேன்.

புதன்கிழமை மாலை போய் இறங்கியதும் அருளப்பு அண்ணன் பின்பக்கம் ஓடினார். குங்குமச் சிவப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் முதுகில் இருந்த விரிசலை வலை தைக்கிற நைலோன் நூலால் அழகாகத் தைத்திருந்தார்கள். அக்கா அதைக் கையால் ஒரு தட்டு, முந்தானையால் ஒரு துடை துடைத்து, மின்விசிறிக்கு நேர் கீழே வைத்து, "இருங்கோ பிள்ளை" என்றார். இங்கே இருப்பது என்றால் உட்காருவது. இருந்தேன்.

பிளாஸ்டிக் நாற்காலி என்றால் எனக்கு ஆகவே ஆகாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். என் இருபது வருஷத் தொழிலில் நான் எடுத்த நல்ல புகைப்படங்களில் பாதியை, ஓரத்தில் வந்து நின்ற ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கெடுத்திருக்கிறது. கல்யாண மண்டபமா, கோயிலா, பஞ்சாயத்து ஆபீஸா, எங்கே போனாலும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும் சனியன்.

பிளேன்ரி வந்தது. அதாவது பால் இல்லாத தேநீர். சர்க்கரையை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்கச் சொன்னார்கள். குடித்துக்கொண்டே என் தொழில் கேள்வியைக் கேட்டேன்: "அக்கா, இந்த ஹாலைப் பார்த்ததும் வர்றவங்களுக்கு என்ன தோணணும்?" எங்கள் ஊரில் இதற்குப் பணக்காரத்தனமாக, வெளிநாடு மாதிரி, கேரளா மாதிரி என்றெல்லாம் பதில் வரும்.

"ஆக்கள் இருக்கோணும்" என்றார் அக்கா. "வந்தால் இருக்கோணும். வேற ஒண்டும் வேண்டாம்."

பிறகு விஷயம் வெளியே வந்தது. அக்காவின் ஒரே தங்கை ரெஜினா கனடாவில் இருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை கணவரோடு இங்கே வருகிறார்.

"போனமுறை வந்தவள், வாசல்ல நிண்டபடியே சோடாவைக் குடிச்சிட்டு முக்கால் மணித்தியாலத்தில வாடகை வானைத் திருப்பிப்போட்டாள். யாழ்ப்பாணத்தில பெரிய ஹொட்டல்ல ரூமாம். அதுக்கு முதல் வந்தபோதும் உப்பிடித்தான். அவளின்ர மனுசன் காலில சுடுதண்ணி ஊத்தின மாதிரி நிக்கும். வீடு சின்னன், இருக்க இடமில்லை எண்டு சொல்லும். சரி, இடம்தானே பிரச்சினை எண்டு ஒன்பது அறையோட கட்டிப்போட்டன். இனி என்ன சொல்லுவினம் எண்டு பாப்பம்."

"தங்கச்சி உட்காரணும்னு ஹோட்டல் கட்டுனீங்களா?"

"நிண்டா சுகம்தான் விசாரிக்கலாம், பிள்ளை. இருந்தாத்தானே கதைக்கலாம். எங்களுக்குள்ள பதினெட்டு வருசக் கதை கிடக்கு."

மனசு தாங்காத பேச்சைக் கேட்டால் நான் டேப்பை எடுத்து எதையாவது அளக்க ஆரம்பித்துவிடுவேன். என் அப்பா இறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவை மூன்று முறை அளந்தவள் நான். இங்கும் அளந்தேன். இருபத்து நான்கு அடி நீளம், பதினெட்டு அடி அகலம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் இறால் குழம்பும். எங்கள் பக்கம் புட்டு என்றால் சர்க்கரையும் வாழைப்பழமும்தான். இத்தனை வருஷம் ஏமாற்றப்பட்டிருக்கிறேன் என்ற கோபத்திலேயே மூன்று குழல் புட்டை உள்ளே தள்ளினேன்.

வியாழக்கிழமை சண்டை நாள். நான் முன்பே அனுப்பியிருந்த வரைபடத்தின்படி மேசன் சுவரைச் சிமெந்து நிறத்திலேயே வழுவழுவென்று பூசி முடித்திருந்தார். அருமையான வேலை. அருளப்பு அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு. எப்ப பெயின்ற் அடிக்கிறது?" என்றார்.

"இதுதாங்கண்ணா ஃபினிஷிங். பெயின்ட் கிடையாது."

"ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "காசு தட்டுப்பாடு எண்டு ஆக்கள் நினைக்கமாட்டினமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

அடுத்தது வலை. அவருடைய பழைய வலை ஒன்றைச் சுவரில் அலையலையாகத் தொங்கவிட்டு, பின்னால் மஞ்சள் விளக்குப் போட்டேன். எனக்கு அது கவிதை. அருளப்பு அண்ணனுக்கு அது காயப்போட்ட வலை. பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார், வலைக் கண்ணின் அளவு என்ன என்று விசாரித்தார், ஒரு இடம் கிழிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு ஊசியும் நூலுமாகத் திரும்பி வந்து, விளக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, என் கவிதையைத் தைத்துக் கொடுத்தார். நன்றி என்றேன். வேறு என்ன சொல்ல?

உருப்படியாகவும் சில வேலைகள் நடந்தன. கடற்கரை மணல் காலோடு உள்ளே வரும் என்பதால் வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், செருப்பு வைக்கத் தட்டு, ஈரக் கால் வைக்கச் சொரசொரப்பான கல். வரவேற்பு மேசைக்கு மேலே அந்தோனியாருக்கு ஒரு மாடம். அந்த மாடத்தைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு என் மேல் நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கை குறையுமுன் பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் கை வைத்தேன். மொத்தம் பதினொன்று. வீட்டுக்கு யார் வந்தாலும் அடுக்கிலிருந்து ஒன்று உருவப்படும், துடைக்கப்படும், வந்தவர் நிற்கிற இடத்துக்கே கொண்டுவந்து போடப்படும். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவருக்கும் போட்டார்கள். அவரும் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் மீட்டர் பக்கம் போனார். மத்தியானம் எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. நானே எடுக்கலாமென்று அடுக்கில் கை வைத்ததும் எங்கிருந்தோ அருளப்பு அண்ணன் பாய்ந்து வந்து பிடுங்கினார்.

"விடுங்கோ, விடுங்கோ! நீங்கள் வந்த ஆள். நீங்கள் தூக்குறதோ?"

"நான் வேலைக்கு வந்தவங்கண்ணா."

"வேலைக்கு வந்தாலும் வந்த ஆள்தானே" என்று துடைத்துப் போட்டார்.

எப்படியோ மாலைக்குள் பதினொன்றையும் வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் அடைத்துவிட்டேன். எஞ்சினும் அதே அறைக்குப் போனது. அண்ணன் அதன் தலைக்குக் கீழே ஒரு சாக்கை மடித்து வைத்தார். கதவைப் பூட்டியபோது அக்காவின் முகம் வாடிப்போனது.

"கதிரை ஒண்டும் இல்லாமல், ஆரும் வந்தால் என்ன செய்யிறது?"

"நாளைக்கு சோபா வருதுங்கக்கா. வர்றவங்க அவங்களா வந்து சொகுசா சாஞ்சுக்குவாங்க, பாருங்க."

இந்த வாக்கியத்தை நான் எவ்வளவு திமிரோடு சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

வெள்ளிக்கிழமை காலை அக்காவும் நானும் பஸ்ஸில் வவுனியாவுக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் தலைக்கு மேலே பிள்ளையார், மாதா, புத்தர் மூவரும் ஒரே வரிசையில் மினுக்கு விளக்கோடு இருந்தார்கள். பஸ் போன வேகத்துக்கு மூவரும் தேவைதான். பாட்டுச் சத்தம் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸையே தோற்கடித்தது. அக்கா மடியில் ஒரு பை. அதில் பாண் என்கிற ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பொரித்த மீன், நாலு வாழைப்பழம். மாங்குளம் வருவதற்குள் பை காலி.

கடையில் அக்காவுக்குப் பிடித்தது தங்கக் கால் வைத்த சிவப்பு வெல்வெட் சோபா. சோபாவை இவர்கள் செற்றி என்கிறார்கள். எனக்குப் பிடித்தது மரச்சட்டமும் மணல் நிறத் துணியும் போட்ட இரண்டு நீள சோபாக்கள்.

"இது என்ன நிறம் பிள்ளை? ஊத்தை தெரியாமல் இருக்கவோ?"

"கடல் மணல் நிறங்கக்கா."

"மணலை வெளியில கழுவிப்போட்டு வரச் சொல்லிக் குழாய் வைச்சனீங்கள். பிறகு அதையே காசு குடுத்து உள்ள வைக்கிறதோ?"

தொழில் அனுபவத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அக்கா அதுவரை எந்த சோபாவிலும் உட்கார்ந்து பார்க்கவில்லை. கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றே சுற்றிவந்தார். கடைக்காரர், "இருந்து பாருங்கோ அம்மா" என்று துணியால் தட்டிக் கொடுத்த பிறகுதான் மணல் நிறத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்க மனமில்லாமல் பத்து நிமிஷம் இருந்தார். அப்படித்தான் நான் ஜெயித்தேன்.

சோபாக்களை ஏற்றிக்கொண்டு வர கணேசன் என்பவரின் சின்ன லொறி அகப்பட்டது. முன் இருக்கையில் ஓட்டுநர் பக்கத்தில் அக்கா, ஜன்னலோரம் நான். கணேசன் பேச ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்துப் பேச்சு.

"நாங்க கனகராயன்குளங்க. தாத்தா காலத்துல தேயிலைத் தோட்டத்துல இருந்து இங்க வந்தது. கச்சான் போடுறோம், லொறியும் ஓட்டுறோம். எது நல்லா போகுதோ அது மத்ததுக்குச் சோறு போடும்" என்றார். கச்சான் என்றால் நிலக்கடலை. வழியில் அவர் வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு பை நிறைய வறுத்து எடுத்துவந்து எங்கள் மடியில் வைத்தார்.

ஒட்டுசுட்டானுக்குச் சற்று முன்னால் டயர் போனது. இரண்டு பக்கமும் காடு. ஜாக்கி இருந்தது, ஆனால் சோபா பாரத்தோடு தூக்கினால் நழுவும் என்று கணேசன் பயந்தார். சரியென்று இரண்டு சோபாக்களையும் இறக்கித் தார் ரோட்டின் ஓரத்தில், எதிரும் புதிருமாக வைத்தோம். வைத்து முடித்ததும், முன்னால் இருநூறு அடி தூரத்தில் காட்டுக்குள்ளிருந்து யானை ஒன்று வந்து ரோட்டில் நின்றது.

எங்கள் ஊர்ப் பக்கமும் மலையடிவாரத்தில் யானை வரும். ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க ஓடுவார்கள். இங்கே யாரும் படம் எடுக்கவில்லை. பின்னால் பஸ் ஒன்று வந்து நின்றது, அதற்குப் பின்னால் மூன்று மோட்டார் சைக்கிள், ஒரு ஓடு ஏற்றிய லொறி. இறங்கியவர்கள் எல்லோரும் யானை எந்தப் பக்கம் இறங்கும் என்றுதான் பார்த்தார்கள்.

"உது வடக்குப் பக்கம்தான் இறங்கப் போகுது. மாமாவுக்குப் போன் அடியுங்கோ, வயலில நிக்கிறாரோ தெரியாது" என்று ஒருவர் இன்னொருவரின் போனைப் பிடுங்கினார்.

நான் லொறிக்குப் பின்னால் போய் நின்றேன். கணேசன் தோளில் கிடந்த துண்டால் சோபாவைத் தட்டி, "உக்காருங்கம்மா. அது போற நேரந்தான் போகும். நின்னா என்ன, உக்காந்தா என்ன" என்றார். உட்கார்ந்தேன். அக்காவும் உட்கார்ந்தார். உட்கார்ந்த மறு நிமிஷமே அக்காவுக்கு அந்த ரோடு வீடாகிவிட்டது. பஸ்ஸில் வந்தவர்களைப் பார்த்து, "ஏன் நிக்கிறியள்? வாங்கோ, இதில இருங்கோ. நீங்கள் தள்ளி இருங்கோ தம்பி, அவா இருக்கட்டும்" என்று ஒவ்வொருவராக அழைத்து உட்கார வைத்தார். கச்சான் பை கை மாறியது. பஸ் நடத்துநர் ஒரு கைப்பிடியில் உட்கார்ந்து டிக்கெட் கணக்குப் பார்த்தார். ஓடு லொறிக்காரர் சிங்களத்தில் கணேசனிடம் என்னவோ கேட்டார்.

"என்னங்க சொல்றாரு?"

"சோபா ரொம்ப நல்லாருக்காம். ரோட்டுலயே போட்டு விக்கிறதால மலிவா இருக்குமான்னு கேக்குறாரு."

நாற்பது நிமிஷம். ஒன்பது பேர் இரண்டு சோபாவில். ஒருவருக்கு ஒருவர் முகம் பார்த்து, சிரித்து, எந்த ஊர், யார் பிள்ளை என்று விசாரித்து, ஒரு கல்யாணத் தரகுகூடப் பாதி முடிந்துவிட்டது. யானை இறங்கிப் போனதைச் சிலர் கவனிக்கவே இல்லை. நான் மட்டும் பெருமையில் வீங்கிக்கொண்டிருந்தேன். பார், நான் தேர்ந்தெடுத்த சோபா! காட்டுக்குள் போட்டாலே இப்படி என்றால் ஹாலில் போட்டால்? என் கண்ணுக்கு எதிரிலேயே விடை இருந்தது. எனக்கு சோபாதான் தெரிந்தது.

சனிக்கிழமை ஹால் தயார். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: பிரமாதம். சிமெந்துச் சுவர், தைத்துச் சரிசெய்த வலை, மஞ்சள் ஒளி, எதிரெதிரே மணல் நிற சோபாக்கள், நடுவில் தாழ்வான மேசை, அதில் பித்தளைப் பாத்திரத்தில் நீரும் செம்பருத்திப் பூவும். படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன். 'உன் நாத்தனார் இன்னும் இங்கிருந்து கிளம்பவில்லை' என்று பதில் வந்தது.

அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். குழாயில் கால் கழுவினார்கள். உள்ளே வந்தார்கள். சுவரோரம் வரிசையாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். "நல்ல வடிவா இருக்கு" என்றார்கள். போனார்கள்.

ஒருவர்கூட உட்காரவில்லை.

முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. பத்து மணிக்கு வந்தவர்கள், பதினொன்றுக்கு வந்தவர்கள், கோயில் பாட்டுக் குழுவிலிருந்து வந்த ஆறு பெண்கள், எல்லோரும் நின்றே பார்த்து நின்றே போனார்கள். வலை தைத்தவர் வந்தபோது நான் சோபாவில் சாய்ந்தபடியே, "உட்காருங்கண்ணா, புது சோபா" என்று கையை மட்டும் காட்டினேன்.

"இல்லைப் பிள்ளை, நான் சும்மா வந்தனான்" என்று அவர் இன்னும் இரண்டடி பின்னால் போனார்.

மேசையை நகர்த்தினேன். சோபாவைச் சாய்த்துப் போட்டேன். வாசலைப் பார்த்து, கடலைப் பார்த்து, ஒன்றையொன்று பார்த்து. குஷன் வைத்தேன், எடுத்தேன். பூப்பாத்திரம்தான் பயமுறுத்துகிறது என்று அதைக் கொண்டுபோய் அந்தோனியாரிடம் வைத்தேன். மாலைக்குள் என் இருபது வருஷ அனுபவமும் என் வியர்வையோடு வழிந்து போனது.

"பிள்ளை" என்றார் அக்கா. கதவில் சாய்ந்து நின்றார். அவரும் காலையிலிருந்து உட்காரவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். "ஆரும் இருக்கினமில்லையே. நாளைக்கு அவளும் நிண்டிட்டுப் போனால்?"

"நிறந்தான் காரணமோ என்னமோங்கக்கா" என்றேன் ஈனஸ்வரத்தில். "அந்தச் சிவப்பையே வாங்கியிருக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை. அக்கா பூசைக்குப் போய்வந்து, அடுப்படியில் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சத் தொடங்கினார். நண்டு, இறால், மீன், பயத்தங்காய், புளி, மிளகாய். வாசனை மேல்மாடி வரை போனது. அக்கா நாலு தடவை சேலை மாற்றினார். அருளப்பு அண்ணன் மூன்று தடவை வாசல் குழாயைத் திறந்து மூடிச் சரிபார்த்தார்.

இரண்டு மணிக்கு வான் வந்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைக்கவில்லை. ஏசிக் குளிர் போய்விடக் கூடாதாம்.

ரெஜினா இறங்கினார். அக்காவின் அதே முகம், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது. சகோதரிகள் கட்டிப்பிடித்தார்கள், இரண்டு பேரும் ஏனோ உடனே விலகிக்கொண்டார்கள். அவருடைய கணவர் உயரமான மனிதர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். ரெஜினா ஹாலின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். கைப்பை தோளிலேயே இருந்தது.

"நல்ல வடிவா இருக்கு அக்கா" என்றார்.

முந்தின நாள் முழுக்க கேட்ட அதே வாக்கியம். இதற்குப் பிறகு எல்லோரும் என்ன செய்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சோபா மூன்றடி தூரத்தில் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அருளப்பு அண்ணன் சோடா கொண்டுவந்தார். இருவரும் நின்றபடியே வாங்கினார்கள்.

"பிள்ளையள் சுகமோ?"

"ஓம், சுகம். மூத்தவன் வேலைக்குப் போறான். உங்கட முதுகு எப்பிடி அத்தான்?" என்று அருளப்பு அண்ணனைக் கேட்டார் ரெஜினா.

"பரவாயில்லை."

"பொழுதுபடமுன்னம் போனால் நல்லது" என்றார் கணவர். "ரோட்டில யானை நிக்குதாம்."

வான் வெளியே உறுமிக்கொண்டிருந்தது. ரெஜினா சோடாவில் பாதியைக் குடித்துவிட்டுத் தம்ளரை எங்கே வைப்பது என்று தேடினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒன்பது அறை கட்டி, கடல் கடந்து ஆள் வரவழைத்து, சுவருக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டு, எல்லாம் செய்தாகிவிட்டது. தங்கை நின்றுகொண்டிருக்கிறாள். நான் என்ன செய்வேன்? குறைந்தபட்சம் தலையையாவது குனிந்தேன்.

அக்கா வரவேற்பு மேசைக்குப் பின்னால் போனார். சாவி திரும்புகிற சத்தம். சாமான் அறைக்குள் ஏதோ உருண்டது, "அந்தோனியாரே!" என்று ஒரு குரல். வெளியே வந்தபோது கையில் அந்தக் குங்குமச் சிவப்பு நாற்காலி. நைலோன் நூல் தையல் போட்டது. கையால் ஒரு தட்டு. நாலாவதாகக் கட்டிய விலை கூடிய பட்டுச் சேலையின் முந்தானையால் ஒரு துடை. கொண்டுவந்து தங்கையின் முழங்காலுக்குப் பின்னால் இடிப்பதுபோலப் போட்டார்.

"இரடி."

ரெஜினா உட்கார்ந்தார். யோசிக்கவே இல்லை, அப்படியே உட்கார்ந்தார். கைப்பை தோளிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியின் முதுகைத் தடவி, தையலைத் தொட்டுப் பார்த்து, "உதை இன்னும் வைச்சிருக்கிறியளோ?" என்றார். சோபாவைக் காட்டி, "நான் பாத்தனான், நீங்கள் ஒருத்தரும் இருக்கச் சொல்லேல்லை. உது ஆரோ பெரிய ஆக்களுக்காக்கும் எண்டு நினைச்சன்" என்றார்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. மீட்டர்காரரிலிருந்து ரோட்டோரத்து ஒன்பது பேர் வரை, ஒருவராவது தானாக உட்கார்ந்தாரா? யாராவது துடைத்துப் போட்டு, "இருங்கோ" என்று சொன்ன பிறகுதானே! நான் ஒரு அறை முழுக்க இருக்கையை நிரப்பிவிட்டு, அதைத் தூக்கிவருகிற ஆளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். கெட்டிக்காரிதான்.

அக்கா தனக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

திறந்து கிடந்த சாமான் அறைக் கதவு வழியாக ரெஜினாவின் கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அத்தான், உது உங்கட பழைய எஞ்சினோ? நாங்கள் ரெண்டுபேரும் பிரிச்சுப் பூட்டினது?"

"ஓம், அதுதான். இப்ப ஸ்ரார்ட் வருகுதில்லை." அருளப்பு அண்ணன் ஏற்கெனவே ஒரு கதிரையைத் தூக்கிவிட்டிருந்தார். "இதில இருந்து ஒருக்காப் பாருங்கோவன்."

அவர் உட்கார்ந்தார். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். எஞ்சினை ஹாலுக்கு இழுத்து விரிப்பை விலக்கினார். கால் மணி நேரத்தில் என் சிமெந்துத் தரை முழுக்க நட்டும் போல்ட்டும் பரவின. என் மணல் நிறத் துணியை ஒருவர் கிறீஸ் கையால் பிடித்து எழுந்ததைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு ரெஜினாவின் கணவர் எஞ்சினுக்குள்ளிருந்து தலையைத் தூக்காமலே வாசல் வரை கேட்கக் கத்தினார்: "தம்பி, வானை நிப்பாட்டிப்போட்டு பெட்டியளை இறக்கு!"

வான் நின்றது. அதுவரை அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பது நின்ற பிறகுதான் தெரிந்தது. கடல் கேட்டது.

டேப்பைத் தேடினேன், அதன் மேல் யாரோ கார்புரேட்டரை வைத்திருந்தார்கள். கூழ் வந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள், வான் ஓட்டுநருக்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்கள். நான் மட்டும் சுவரோரம், என் வலைக்குக் கீழே, நின்றுகொண்டிருந்தேன். வந்த நாளிலிருந்து முதல் முறையாக எனக்கு யாரும் நாற்காலி கொண்டுவரவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. வேலை கெட்டுப்போன பிறகு மரியாதை எதற்கு என்று விட்டுவிட்டார்களாக்கும்.

அக்கா தங்கையின் கையைப் பிடித்தபடியே என்னைப் பார்த்து அதட்டினார்.

"ஏனடி சுவருக்குத் துணை நிக்கிறாய்? உள்ள போய் ஒரு கதிரையை எடுத்துப் போட்டிட்டு இரன். வரேக்க எனக்கும் கொஞ்சம் தண்ணி கொண்டு வா."

போனேன். அருளப்பு அண்ணன் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. அடுக்கின் கடைசி நாற்காலி. ஒரு கால் வளைந்தது, தூசி படிந்தது. யாரும் துடைத்துத் தரவில்லை. தண்ணீர்ச் செம்பை ஒரு கையிலும் அதை மறு கையிலும் தூக்கிவந்து, வட்டத்துக்குள் இடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.